கயிற்றுக்கு எட்டுப் பேர்

மருதம்மாள் பள்ளிக்கூடத்துக்குப் போனது இரண்டே வருஷம். அதிலும் பாதி நாள் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றதுதான். பெயர் எழுதத் தெரியும், அதற்கு மேல் கிடையாது. இருந்தாலும் கெடா மாநிலத்துச் சுங்கைப்பட்டாணியில் அவள் வசிக்கும் தாமான் குடியிருப்பில் எந்தக் கூட்டம் போட்டாலும் முதல் வரிசையில் அவள்தான் உட்கார்ந்திருப்பாள். எழுதத் தெரிந்தவர்கள் எழுதட்டும், பேசத் தெரிந்தவள் எதற்கு வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்பாள்.

சித்திரை பிறந்ததும் அந்தத் தாமானில் ஒரு நாள் குடும்ப விழா நடக்கும். காலையில் கோலப்போட்டி, பிறகு தேங்காய் துருவும் போட்டி, பிள்ளைகளுக்குச் சாக்கு ஓட்டம், ஆண்களுக்கு உறியடி. எல்லாம் முடிந்து கயிறு இழுத்தல், ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று. பெண்கள் கயிற்றுக்கு எதிர்க்குழு பக்கத்து ஊரான மெர்போக்கிலிருந்து வரும். எல்லோரும் எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டத்து வேலைக்காரிகள். கையைப் பிடித்தால் மரக்கட்டையைப் பிடித்த மாதிரி இருக்கும்.

மருதம்மாளுக்கு மற்ற எதுவும் பொருட்டில்லை. கயிறுதான். அறுபத்திரண்டு வயதிலும் கயிற்றின் கடைசி ஆள் அவள்தான். நுனியை இடுப்பில் சுற்றிக்கொண்டு பின்னால் சாய்ந்து நின்று, முன்னால் நிற்கும் ஏழு பேருக்கும் குரல் கொடுப்பாள்.

"ஏன்க்கா, இந்த வயசுல இதெல்லாம் தேவையா?" என்று யாராவது கேட்டால் ஒரே பதில்தான்.

"வருஷம் பூரா ஆக்கிப் போடுறோம், கூட்டுறோம், கழுவுறோம். ஒரு நாளு மண்ணுல பொரண்டு ஒருத்தியக் குப்புறத் தள்ளுனா உனக்கு எங்க வலிக்குது?"

இந்த வருஷம் அந்தக் கயிற்றுக்கே ஆபத்து வந்தது. முந்திய இரண்டு வருஷமும் தாமான் பக்கம் எட்டுப் பேர் சேரவில்லை. ஒரு வருஷம் ஆறு பேர், மறு வருஷம் ஏழு பேர். ஒருத்திக்குக் கல்யாண வீடு, ஒருத்திக்கு முதுகு வலி, ஒருத்தியை மாமியார் முறைத்தாள். மெர்போக் பெண்கள் கயிற்றைத் தொடாமலே ஜெயித்துவிட்டுப் போனார்கள். பங்குனி மாதக் கூட்டத்தில் விழாத் தலைவர் ரவிச்சந்திரன் எழுந்து நின்று முடிவைச் சொன்னார்.

"இந்த வருஷமும் எட்டு பேரு நிக்கலன்னா பொம்பளைங்க கயிறு அதோட சரி. அடுத்த வருஷத்துலருந்து இசை நாற்காலி வெச்சிடலாம்."

"நல்ல யோசனை. கோலத்துக்கும் இன்னும் கொஞ்சம் நேரம் கெடைக்கும்" என்றாள் அவர் மனைவி பிரேமாவதி. கோலப்போட்டி முழுக்க அவள் கையில்.

மருதம்மாள் உட்கார்ந்தபடியே சொன்னாள். "எட்டு பேரு நிப்பாங்க. நிக்கலன்னா அந்த நாற்காலிய எல்லாம் நானே தொடச்சு வைக்கிறேன். போதுமா?"

"சரிக்கா. தேதி வழக்கம்போல சனிக்கிழமை..."

"சனிக்கிழமையா? அதனாலதான்டா ரெண்டு வருஷமா வெளங்கல! நல்ல காரியத்த எவனாச்சும் சனிக்கிழமை வெப்பானா? வெள்ளிக்கிழமை வையி. நல்ல நாளு. பள்ளிக்கூடம் லீவு, ஆபீசு லீவு, எல்லாருக்கும் லீவு."

"இல்லக்கா, அதுல ஒரு..."

"ஒண்ணும் இல்ல. எழுது."

ரவிச்சந்திரனை அவர் மூக்கொழுகித் திரிந்த காலத்திலிருந்து மருதம்மாளுக்குத் தெரியும். அவளோடு மல்லுக்கட்டினால் அரை மணி நேரம் போகும் என்று அவருக்கும் தெரியும். வெள்ளிக்கிழமை என்று எழுதிக்கொண்டார். கூட்டம் கலைந்தது.

அவள் பிறந்தது மெர்போக்குக்கு அந்தப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில். பதின்மூன்று வயதில் அம்மாவோடு பால்மரம் வெட்டப் போனாள், பட்டையைக் கீறிப் பால் இறக்குகிற வேலை. இரண்டு வாளிப் பாலைக் கம்பின் இரண்டு பக்கமும் தொங்கவிட்டு, மேடும் பள்ளமும் ஏறி இறங்கி, பால் நிறுக்கிற கொட்டகை வரைக்கும் சிந்தாமல் நடப்பாள். வலது தோளில் இன்னும் அந்தக் காய்ப்பு இருக்கிறது. பதினெட்டு வயதில் அழகேசனைக் கட்டி வைத்தார்கள். அழகேசன் நல்லவன்தான், சம்பள நாள் ஒன்றைத் தவிர. ஈரல் வெந்து செத்தான். மூன்று நாள் அழுதாள். நான்காம் நாள் விடியற்காலையில் கத்தியை எடுத்துக்கொண்டு மரம் வெட்டப் போய்விட்டாள். போகாவிட்டால் அவள் மர வரிசையை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள்.

பிறகு தோட்டத்தை விற்றார்கள், வீடுகள் கட்டினார்கள், அவளுக்கும் ஒரு வீடு கிடைத்தது. தாமானில் சிலர் தோட்டத்தை நினைத்துப் பெருமூச்சு விடுவார்கள். அவர்களைக் கண்டால் அவளுக்குச் சிரிப்புதான் வரும். "அட்டைக்கடிய மறந்துட்டீங்களா? கக்கூசுக்கு வரிசையில நின்னத மறந்துட்டீங்களா?" என்று கேட்பாள். இப்போது அரசாங்கப் பள்ளிக்கூடம் ஒன்றில் கூட்டித் துடைக்கும் வேலை. ஞாயிறு முதல் வியாழன் வரை வேலை, வெள்ளியும் சனியும் லீவு. கெடாவில் எல்லோருக்கும் அப்படித்தான் என்று நினைத்திருந்தாள். அவள் வாரம் அப்படித்தான் ஓடியது.

கூட்டம் முடிந்த மறுநாளே ஆள் பிடிக்கக் கிளம்பினாள். தையல் கடை ஷீலா வந்தாள். மூலை வீட்டு அக்கா தங்கை இரண்டு பேரும் வந்தார்கள். மீதி நாலு பேரை பேக்டரி பஸ் நிற்கிற இடத்தில் போய்ப் பிடித்தாள். அந்த நாலு பேரில் சாந்தினிதான் முக்கியம். முப்பத்தைந்து வயது, நாள் முழுக்க நின்றே வேலை செய்து கால் இரண்டும் தூண் மாதிரி இருக்கும். விழா எப்போதும்போல சனிக்கிழமைதான் என்று நினைத்து நாலு பேரும் சரி என்றார்கள். மருதம்மாள் நாளைச் சொல்லவில்லை. அவர்களும் கேட்கவில்லை.

இரண்டு வாரம் சாயங்காலம் சாயங்காலம் பயிற்சி. திடலில் பந்துக்கம்பத்தில் கயிற்றைக் கட்டி இழுத்தார்கள். மூன்றாம் நாள் கம்பம் சாய்ந்தது. பந்து விளையாடுகிறவர்கள் சண்டைக்கு வந்தார்கள். "கம்பத்த ஒழுங்கா நட்டு வெச்சா அது ஏன்டா சாயுது?" என்று அவர்களையே ஏசி அனுப்பினாள். இந்த வருஷம் மெர்போக்காரிகள் தலைகீழாக நின்றாலும் ஜெயிக்க முடியாது என்று அவளுக்குத் தோன்றியது.

விழா வாரத்துத் திங்கட்கிழமை நோட்டீஸ் ஒட்டினார்கள். அன்று சாயங்காலம் சாந்தினி பஸ்ஸை விட்டு இறங்கி அதைப் படித்துவிட்டு நேராகத் திடலுக்கு வந்தாள். கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"அக்கா, என்னாக்கா இது வெள்ளிக்கிழமைன்னு போட்டுருக்கு?"

"ஆமா. நல்ல நாளு. நான்தான் மாத்தச் சொன்னேன்."

"அலாமாக்! எங்களுக்கு வெள்ளிக்கிழமை வேலைக்கா!"

"வெள்ளிக்கிழமை என்னாடி வேலை?"

"நாங்க நாலு பேரும் ஆத்துக்கு அந்தப் பக்கம், பினாங்குலதானே வேலை செய்யுறோம்? அது வேற மாநிலம், அங்க சனி ஞாயிறுதான் லீவு. வெள்ளிக்கிழமை விடியக்காலை அஞ்சரைக்கு பஸ் ஏறுனா, சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் வீடு."

"ஒரு நாளு லீவு போடு."

"ரெண்டு வாரத்துக்கு முந்தி எழுதிக் குடுக்கணும்க்கா. நாலு பேரு ஒண்ணா கேட்டா சூப்பர்வைசர் மூஞ்சியிலயே அடிப்பான். நீங்க ஒரு வார்த்தை எங்ககிட்ட கேட்டிருக்கலாம்லா."

மருதம்மாள் குனிந்து கயிற்றை எடுத்தாள். கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டாள். நேராக ரவிச்சந்திரன் வீட்டுக்குப் போனாள். அவர் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"தப்பு என்னுது. சனிக்கிழமைக்கு மாத்திடு" என்றாள்.

ரவிச்சந்திரன் அவளை மேலும் கீழும் பார்த்தார். "அதுக்குத்தானேக்கா வருஷா வருஷம் சனிக்கிழமை வெச்சேன்! இந்தப் பக்கமும் லீவு, அந்தப் பக்கமும் லீவு. அன்னைக்கே சொல்ல வந்தேன். நீங்க எங்க விட்டீங்க?"

"அதான் தப்புன்னு சொல்லிட்டேன்லா. மாத்து."

"முடியாதுக்கா. சனிக்கிழமை திடல பந்துக்காரனுங்களுக்குக் குடுத்தாச்சு. கூடாரம், மைக்கு எல்லாம் வெள்ளிக்கிழமைக்குச் சொல்லியாச்சு." கொஞ்சம் குரலை இறக்கினார். "வுட்டுருங்கக்கா. இசை நாற்காலியும் நல்லாத்தான் இருக்கும்."

"நல்லா இருக்கும்டா, உனக்கு. சுத்திச் சுத்தி வந்து உக்கார்றதுக்கு நான் ஏன் வெயில்ல வரணும்? என் வீட்டுலயே நாற்காலி இருக்கு."

இன்னும் நாலு நாள். அவளோடு சேர்த்து நாலு பேர். நாலு ஆள் குறைச்சல். செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து வரும்போது தாமானில் பாதி வீட்டைத் தட்டினாள். ஒருத்தி சமைக்கணும் என்றாள், ஒருத்தி கறுத்துவிடுவேன் என்றாள். "இனிமேத்தான் கறுக்கப் போறியா?" என்று கேட்டுவிட்டு அந்த வீட்டுப் படியை இறங்கினாள். அப்படிக் கேட்டிருக்கக் கூடாதுதான். ஆள் கிடைக்காதபோது வாயாவது சும்மா இருந்திருக்கலாம்.

தொண்டை வறண்டு, முச்சந்தியில் இருக்கும் முகம்மது கவுஸின் நாசி கண்டார் சோற்றுக் கடையில் தேத்தண்ணி குடிக்க உட்கார்ந்தாள். அந்த நேரம் கடைக்குப் பின்னால் அடுப்பிலிருந்து சோற்று அண்டாவை இறக்கினார்கள். கவுஸின் மனைவி சம்சியா ஒரு பக்கம், அவள் நாத்தனார் ஹபீஸா ஒரு பக்கம், பாத்திரம் கழுவுகிற மலாய்க்காரப் பெண் ஒரு பக்கம். அண்டா ஒரு ஆள் எடைக்கு மேலேயே இருக்கும். சம்சியா யார் முகத்தையும் பார்க்கவில்லை. "எடு!" என்றாள். மூன்று பேரும் ஒரே மூச்சில் தூக்கினார்கள். ஒரு சோற்றுப் பருக்கை சிந்தவில்லை.

மருதம்மாள் தேத்தண்ணியை வைத்துவிட்டு எழுந்தாள்.

"சம்சியா, இங்க வா. வெள்ளிக்கிழமை கயிறு இழுக்க வர்றியா?"

"என்னாக்கா, பசியாறலியா? வெயிலு தலைக்கேறிடுச்சா?"

"வெளையாட்டு இல்ல. நீங்க மூணு பேரும் வேணும்."

"வெள்ளிக்கிழமை காலையில கடையில நிக்கவே எடம் இருக்காதுக்கா. பன்னெண்டரைக்குத்தான் சாத்துவோம். ஆம்பளைங்க எல்லாம் தொழுகைக்குப் பள்ளிக்குப் போயிடுவாங்க. ரெண்டரைக்குத் திரும்பத் தொறக்கணும்."

"அந்த ரெண்டு மணி நேரம் நீங்க என்னா செய்யுறீங்க?"

"வெங்காயம் உரிக்கிறோம்" என்றாள் ஹபீஸா உள்ளேயிருந்து. "அண்ணன் கடைய சாத்திட்டு நல்லா அத்தர் பூசிக்கிட்டுப் போகும். நாங்க வெங்காயம் உரிக்கிறோம்."

"ஒரு மணிக்கு வாங்க. கால் மணி நேர வேலைதான். அப்புறம் தொழுதுட்டுக் கடையத் தொறங்க. வெங்காயத்த நான் வந்து உரிக்கிறேன்."

சம்சியா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு யோசித்தாள். பிறகு மலாயில் அந்தப் பாத்திரம் கழுவும் பெண்ணிடம் என்னவோ கேட்டாள். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே கையை மடக்கித் தன் புஜத்தைத் தட்டிக் காட்டினாள்.

"சரி லா" என்றாள் சம்சியா. "முழுக்கை சட்டை, உள்ள கால் மூடுற சிலுவார், தலையில துணி. அப்படித்தான் வருவோம். யாரும் ஏதும் சொல்லக் கூடாது."

"சொல்றவன் வாயில கயித்தத் திணிச்சிடுறேன்."

ரவிச்சந்திரனிடம் போய்ப் பெண்கள் கயிற்றைப் பதினொரு மணியிலிருந்து ஒரு மணிக்கு மாற்றச் சொன்னாள். சித்திரை வெயிலில் ஒரு மணிக்கா, மெர்போக்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்றார் அவர். அவரையே மெர்போக் குழுத் தலைவி உமாராணிக்குப் போன் போடச் செய்தாள்.

"வெயிலா?" என்றது உமாராணியின் குரல். "நாங்க வெயில்லதான் செம்பனைப் பழம் பொறுக்குறோம். ஒரு மணி இல்ல, ரெண்டு மணிக்கே வைங்க. ஆனா எட்டு பேரு நிப்பீங்களா? போன வருஷம் மாதிரி வந்து தண்ணி குடிச்சிட்டுப் போக எங்களால முடியாது."

"நீ வா. தண்ணி குடிக்க நேரம் இருக்காது உனக்கு."

இன்னும் ஒரு ஆள் வேண்டும். புதன்கிழமையும் வேலை விட்டு வந்து தேடினாள். கடைசியில் அவள் போய் நின்றது பிரேமாவதி முன்னால். கயிறு வேண்டாம், கோலத்துக்கு நேரம் வேண்டும் என்று சொன்ன அதே பிரேமாவதி. அவள் மாடிப்படியில் உட்கார்ந்து அரிசிக்குச் சாயம் ஏற்றிக்கொண்டிருந்தாள். மருதம்மாளுக்குச் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது.

"பிரேமா, ஒரு ஆளு கொறையுது. உன் எடை எனக்கு வேணும்."

பிரேமாவதியின் கை நின்றது. "என் எடையா?"

"நீ இழுக்கக்கூட வேணாம். கயித்தப் புடிச்சுக்கிட்டு சாஞ்சு நின்னாப் போதும். உன்னைய நகத்த மெர்போக்கே வரணும்."

"ஒரு ஆளக் கூப்புட இப்படியா பேசுவாங்க? உங்க வாய்க்குத்தான்க்கா ஆளு சேர மாட்டேங்குது."

"தெரியும். அதான் உங்கிட்ட வந்து நிக்கிறேன்."

பிரேமாவதி பச்சை அரிசியை ஒரு தட்டில் பரப்பினாள், சிவப்பை ஒரு தட்டில் பரப்பினாள். பிறகு சொன்னாள்.

"வர்றேன். ஆனா காலையில நீங்க கோலப்போட்டியில உக்காரணும். எட்டு வருஷமா எங்க போட்டி பக்கம் வந்து, 'இந்தப் பூவுக்கு ஏன் மூக்கு இருக்கு'ன்னு கேட்டுட்டுப் போறீங்கள்ல? ஒரு தடவ உக்காந்து போட்டுப் பாருங்க."

மருதம்மாளுக்கு அது கயிறு இழுப்பதைவிடக் கஷ்டம். ஆனாலும் தலையை ஆட்டினாள்.

வியாழக்கிழமை மூன்று மணிக்குக் கடையில் கூட்டம் ஓய்ந்தபோது, கொல்லைப்பக்கம் பத்து நிமிஷம் பயிற்சி நடந்தது. பிரேமாவதி வரவில்லை, அரிசி காயவில்லையாம். கயிற்றைக் கவுஸின் வேனுக்குப் பின்னால் கட்டினார்கள். மருதம்மாள் கடைசியில் நின்று குரல் கொடுத்தாள். "ஏய்... இழு!" கடைக்காரிகள் மூன்று பேரும் ஒரு பக்கம் இழுத்தார்கள், ஷீலாவும் அக்கா தங்கையும் அதற்குப் பிறகு இழுத்தார்கள். கயிறு நடுவில் பாம்பு மாதிரி நெளிந்தது. வேன் அசையவில்லை. மறுபடி. மறுபடியும் அப்படித்தான்.

"நீங்க 'ஏய்'னு இழுக்கும்போதே எங்களுக்குக் கை போயிடுதுக்கா" என்றாள் சம்சியா. "எங்களுக்கு ஒரே சொல்லுதான் பழக்கம்."

"சரி, நீ சொல்லு பாப்போம்."

"எடு!" என்றாள் சம்சியா.

கைபிரேக் போட்டிருந்த வேன் ஒரு முழம் பின்னால் வந்தது. முகம்மது கவுஸ் கல்லாவை விட்டு ஓடி வந்தார். "யாரு! என் வேன எவன் இழுக்குறான்!" என்று கத்தியவர், ஏழு பெண்களைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"ஒண்ணுமில்லீங்க, நீங்க கல்லாவப் பாருங்க" என்றாள் சம்சியா.

மருதம்மாள் கயிற்றை இடுப்பிலிருந்து அவிழ்க்க நேரம் எடுத்துக்கொண்டாள். இத்தனை வருஷமாக அந்தக் குரல் அவளுடையது. மரம் வெட்டும்போது மலை மேலிருந்து கூப்பிட்டால் கொட்டகையில் கேட்கும் குரல். அதை இன்னொருத்தியிடம் கொடுப்பதற்குப் பதில் இரண்டு நாள் பட்டினி கிடக்கலாம். ஆனால் வேன் நகர்ந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டாள்.

"நாளைக்கு நீயே கொரலு குடு" என்றாள். "நான் பின்னால வாய மூடிக்கிட்டு நிக்கிறேன்."

"முடியுமாக்கா?" என்று ஷீலா கேட்டாள்.

"உன் வேலையப் பாரு."

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மருதம்மாள் கோலப்போட்டியில் உட்கார்ந்தாள். ஊரே வேடிக்கை பார்த்தது. மற்றவர்கள் மயிலும் தாமரையும் போட்டார்கள். அவள் வெள்ளை மாவால் நீளமாக ஒரு கோடு இழுத்து, இரண்டு முனையிலும் எட்டு எட்டுப் புள்ளி வைத்து, நடுவில் சிவப்பு அரிசியைக் கொட்டிவிட்டு எழுந்தாள்.

"இது என்னாக்கா?" என்று நடுவராக வந்த ஆசிரியை கேட்டாள்.

"கயிறு. பாத்தா தெரியல?"

பிரேமாவதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எட்டுப் பேரில் மருதம்மாளுக்கு எட்டாம் இடம். அவள் கவலைப்படவில்லை. தேங்காய் துருவுதல் நடந்தது, சாக்கு ஓட்டம் நடந்தது, உறியடியில் ஒருவன் பானையை விட்டுவிட்டு மைக் கம்பத்தை அடித்தான். பன்னிரண்டரைக்கு வெயில் மண்டையைப் பிளந்தது. ஆனாலும் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. பெண்கள் கயிறு நிற்குமா நிற்காதா என்று பார்க்க எல்லோரும் கூடாரத்தின் நிழலில் ஒண்டிக்கொண்டு இருந்தார்கள்.

ஒன்று அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது கடைப்பக்கமிருந்து மூன்று பேரும் வேகமாக நடந்து வந்தார்கள். மெர்போக் பெண்கள் எட்டுப் பேரும் திடலில் இறங்கியாகிவிட்டது. தொப்பி, பூட்ஸ், கையுறை எல்லாம் வேலைக்குப் போகிற மாதிரி. உமாராணி கையை உதறிக்கொண்டு வந்து எண்ணினாள்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு... ஏழு. என்னா மருதக்கா, எட்டாவது ஆளு ஆவியா நிக்குதா?"

மருதம்மாள் திரும்பிப் பார்த்தாள். பிரேமாவதியைக் காணவில்லை. கோலக் கூடாரத்தில் பரிசு யாருக்கு என்பதில் இரண்டு வீட்டுக்காரர்களுக்குள் சண்டை, அவள் அதற்குள் மாட்டிக்கொண்டிருந்தாள். ரவிச்சந்திரன் கடிகாரத்தைப் பார்த்தார். மைக்கை வாய் வரைக்கும் கொண்டுபோனார்.

"இருடா!" என்றாள் மருதம்மாள். அவள் ஓடவில்லை. நின்ற இடத்திலிருந்தே மலை மேலிருந்து கூப்பிடுகிற குரலை எடுத்தாள். "ஏய் பிரேமா! யாருக்காச்சும் ஒருத்திக்குக் குடுத்துட்டு வாடி! ரெண்டு மயிலும் கோழி மாதிரித்தான் இருக்கு!"

திடலே சிரித்தது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு பிரேமாவதி வந்தாள். சேலைக்கு மேல் கணவனின் பழைய சட்டையை மாட்டியிருந்தாள். முழங்கை வரைக்கும் கோலமாவு. வந்த வேகத்தில் கயிற்றைப் பிடித்தாள். வேர்த்த கையில் கயிறு வழுக்குகிறது என்று ஹபீஸா சொன்னதும், பிரேமாவதி தன் கையில் இருந்த மாவை எடுத்து எல்லோர் உள்ளங்கையிலும் தேய்த்துவிட்டாள்.

"எட்டு" என்றாள் மருதம்மாள், ரவிச்சந்திரனைப் பார்த்து. "எண்ணிக்க."

ரவிச்சந்திரன் எண்ணினார். தன் மனைவியிடம் வந்தபோது ஒரு கணம் தயங்கி, அதற்குப் பிறகு எட்டு என்றார். விசில் ஊதினார்.

மூன்றுக்கு இரண்டு என்று கணக்கு, இது முதல் இழுப்பு. மெர்போக் பெண்கள் அவசரப்படவில்லை, தாமான்காரிகள் களைத்துப்போகட்டும் என்று காத்திருந்தார்கள். சம்சியா யார் முகத்தையும் பார்க்கவில்லை. "எடு!" எட்டுப் பேரும் ஒரே மூச்சில் பின்னால் போனார்கள். "எடு!" இன்னொரு முழம். உமாராணி தன் ஆட்களைத் திட்டி முடிப்பதற்குள் கயிற்றின் நடுவில் கட்டியிருந்த சிவப்புத் துணி கோட்டைத் தாண்டிவிட்டது. எல்லோரும் துள்ளி எழுந்ததில் கூடாரத்தில் நாற்காலிகள் சாய்ந்தன.

இரண்டாவது இழுப்பில் மெர்போக் விழித்துக்கொண்டது. பூட்ஸ் மண்ணில் இறங்க, ஒரே இழுவையில் எட்டுப் பேரையும் தரதரவென்று கொண்டுபோனார்கள். பிரேமாவதி உட்கார்ந்தே போனாள்.

மூன்றாவதில் இரண்டு பக்கமும் சமம். கயிறு நடுவில் நின்று நடுங்கியது. வெயில் கண்ணில் கொட்டியது. மருதம்மாளுக்கு இடுப்பு எரிந்தது, வலது தோள் கல்லாகிவிட்டது. சம்சியா "எடு!" என்றாள், அரை அடி வந்தது. "எடு!" இன்னும் அரை அடி. துணி கோட்டுக்கு நாலு விரல் தூரம். அதைப் பார்த்ததும் மருதம்மாள் வாய் சும்மா இருக்கவில்லை. "ஏய்... இழு!" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினாள். சம்சியாவின் "எடு" அதன் மேல் வந்து விழுந்தது. நாலு பேர் ஒரு குரலுக்கு இழுத்தார்கள், நாலு பேர் மறு குரலுக்கு. கயிறு நெளிந்தது. உமாராணிக்கு அந்த ஒரு நெளிவு போதும். அடுத்த மூச்சில் எட்டுப் பேரும் ஒருத்தி மேல் ஒருத்தியாகக் கோட்டுக்கு அந்தப் பக்கம் கிடந்தார்கள்.

மண்ணில் கிடந்தபடியே மருதம்மாள் சொன்னாள். "என் வாயிதான். யாரும் யாரையும் ஏசாதீங்க."

"ஏச எங்களுக்கு மூச்சு இல்லக்கா" என்றாள் ஹபீஸா. தலைத்துணியெல்லாம் செம்மண். அந்த மலாய்க்காரப் பெண் படுத்துக்கொண்டே சிரித்துக்கொண்டிருந்தாள். பிரேமாவதி சிரிப்பை அடக்கமுடியாமல் இருமினாள்.

ரவிச்சந்திரன் மைக்கில், மெர்போக் ஜெயித்தது என்றார். பிறகு, யாரும் கேட்காமலே, அடுத்த வருஷமும் பெண்கள் கயிறு உண்டு என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் கூடாரத்திலிருந்து மூன்று பெண்கள் எழுந்து வந்து தங்கள் பெயரையும் எழுதிக்கொள்ளச் சொன்னார்கள். கறுத்துவிடுவேன் என்று சொன்னவளும் அதில் ஒருத்தி.

மருதம்மாள் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டாள். தோற்றது அவளுக்குப் பிடிக்கவில்லை, அதை அவள் மறைக்கவும் இல்லை. ஆனால் நின்றாகிவிட்டது. எட்டுப் பேர் நின்று, இழுத்து, ஒரு தடவை ஜெயித்து, விழுந்தாகிவிட்டது. இனி எவனும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வரமாட்டான்.

உமாராணி கையுறையைக் கழற்றிக்கொண்டு வந்தாள். "மருதக்கா, உண்மையச் சொல்றேன். மொத இழுப்புல எங்க உசுரு போயிடுச்சு. வைகாசியில எங்க தோட்டத்துக் கோயில் திருவிழா. அங்க வந்து ஒரு தடவ இழுக்குறீங்களா? மொத ஞாயித்துக்கிழமை."

வருகிறோம் என்று மருதம்மாள் வாய் திறந்தது. திறந்த வாயை மூடிக்கொண்டு பின்னால் திரும்பினாள்.

"யாரு யாருக்கு ஞாயித்துக்கிழமை வேலை? இப்பவே சொல்லுங்க."

"எனக்குக் கடை" என்றாள் சம்சியா. "ஆனா மத்தியானத்துக்கு மேல முடியும்."

"சாந்தினிக்கும் மத்த மூணு பேருக்கும் லீவுதான்" என்றாள் ஷீலா. "அவங்களும் வந்தா பன்னெண்டு பேரு ஆயிடுவோமே!"

"எனக்கு ஆபீஸ் நாளு" என்றாள் பிரேமாவதி. "அரை நாளு லீவு எடுக்கணும். அதுக்கு ரெண்டு வாரம் முந்தியே சொல்லணும்."

"உங்களுக்கே அன்னைக்குப் பள்ளிக்கூடம் கூட்டணும், மருதக்கா" என்றாள் ஷீலா.

"அத நான் பாத்துக்கிறேன். நீ மொதல்ல அந்த பூட்ஸ் எங்க வாங்குனாளுகன்னு கேளு."

உமாராணி வெயிலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "நாளச் சொல்லுவீங்களா, மாட்டீங்களா?"

"இருடி, எட்டு பேருகிட்ட கேக்க வேணாமா?" என்றாள் மருதம்மாள். "நிழல்ல போய் உக்காரு. நேரமாகும்."